காலிக் குழாயிலும் பாக்டீரியா இருக்கும்

குடல் நுண்ணுயிர்களை ஆராயும் ஒரு குழுவில் நான் கணினிப் பக்கம் வேலை பார்க்கிறேன். மருத்துவர்கள் மல மாதிரி வாங்கித் தருவார்கள், ஆய்வகத்தில் அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து சீக்வென்சிங் செய்வார்கள், அதாவது அதன் எழுத்து வரிசையைப் படிப்பார்கள், கடைசியில் அது கோடிக்கணக்கான எழுத்துத் துண்டுகளாக என்னிடம் வந்து சேரும். எந்தத் துண்டு எந்த பாக்டீரியாவுடையது, நோயாளிகளிடம் எது கூடியிருக்கிறது என்று சொல்வது என் பொறுப்பு. கேட்பவர்கள் எல்லாம் இதில் கடினமான பகுதி கணினிதான் என்று நினைக்கிறார்கள். இல்லை. மாதிரி என் கைக்கு வருவதற்கு முன்பே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது.

டிஎன்ஏ பிரிக்கும் கிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரசாயனங்களுக்குள்ளேயே கொஞ்சம் பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும் என்று 2014-இல் வந்த ஒரு ஆய்வு தெளிவாகக் காட்டியது. மலத்தில் நுண்ணுயிர்கள் ஏராளம் என்பதால் அங்கே இது அவ்வளவாகப் படுத்தாது. ரத்தம், திசு போன்றவற்றில் எடுத்தால், நாம் பார்ப்பது மொத்தமும் கிட்டில் இருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். அதனால்தான், கிட்டில் இருந்து வந்தது எது என்று தெரிய, ஒன்றுமே போடாத குழாயையும் மற்ற மாதிரிகளோடு சேர்த்து ஓட்ட வேண்டும் என்று ஆய்வகத் தோழி அடம்பிடிப்பார். காலிக் குழாய்க்கு எதற்குச் செலவு என்று மருத்துவர் கேட்பதும் நியாயம்தான், அந்தக் காசில் இன்னும் சில நோயாளிகளைச் சேர்க்கலாமே. ஆனால் இந்தச் சண்டையில் நான் எப்போதும் தோழி பக்கம்.

இன்னொரு சிக்கல் வரிசை. நோயாளிகளின் மாதிரி முதலில் வந்துவிடும், ஆரோக்கியமானவர்களைத் தேடிப் பிடிக்க நாளாகும். வந்தது வந்தபடி ஒரு பேட்ச் நோயாளிகள், அடுத்த பேட்ச் ஆரோக்கியமானவர்கள் என்று ஓட்டிவிட்டால், பிறகு தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா, கிட் மாறியதால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. புள்ளியியல்காரரை முதல் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

பெரிய இடங்களிலும் சறுக்கல் உண்டு. ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் தனித்தனி நுண்ணுயிர் அடையாளம் இருக்கிறது என்று 2020-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதே தரவை வேறு குழுவினர் தோண்டிப் பார்த்தபோது, பாக்டீரியா என்று எண்ணப்பட்டவற்றில் பெரும்பகுதி மனித டிஎன்ஏ துண்டுகள். போதாததற்கு, எண்களைச் சீராக்கிய முறையே இல்லாத வித்தியாசத்தை உண்டாக்கியிருந்தது. 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எங்கள் துறையில் இருக்கும் யாரும் இதைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம், யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

அப்புறம், கணினியால் எட்டவே முடியாத விஷயங்கள் இருக்கின்றன. ஒருமுறை நோயாளிகளின் குடலில், வழக்கமாக வாயில் வாழும் பாக்டீரியாக்கள் கூடுதலாக இருப்பதை வரைபடம் போட்டுக் காட்டினேன், அழகான வரைபடம். மூத்த மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏம்பா, இவங்கள்ல எத்தனை பேர் வயித்து அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறாங்க?" என்றார். அமிலம் குறைந்தால் வாயிலிருந்து இறங்கும் பாக்டீரியாக்கள் பிழைத்துக் குடல்வரை போகும், அது நோயின் அடையாளமே இல்லை. நல்லவேளையாக, மாதிரி வாங்கிய செவிலியர் ஒவ்வொருவரிடமும் என்னென்ன மாத்திரை என்று விசாரித்து எழுதி வைத்திருந்தார். அந்த மாத்திரை விவரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டதும் வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது.

இந்த மாதிரி ஆய்வுகளைப் பல துறைகள் கைகோத்த வேலை என்று அழகாக எழுதுவார்கள். சரி, கைகோத்தது உண்மைதான். ஆனால் கட்டுரை வெளிவரும்போது முதலில் நிற்பது கணக்குப் போட்டவர் பெயர், கடைசியில் குழுத் தலைவர் பெயர். தோழியின் பெயர் நடுவில் எங்கோ இருக்கும். மாத்திரை விவரம் எழுதிய செவிலியருக்கு நன்றியுரையில் ஒரு வரி, அதுவும் யாராவது ஞாபகம் வைத்துச் சொன்னால். முடிவையே மாற்றிய விவரத்தை எழுதியவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் ஏன் இல்லை என்று அடுத்த கூட்டத்தில் கேட்கலாம் என்று இருக்கிறேன்.