இடாப்பில் பெயர் ஏறும்வரை

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும் ஒரு குடும்பம். சாவகச்சேரியில் சில மாதம் இருந்தோம். 1996 ஏப்ரலில் சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சிக்கும் ஆமி வர, கிளாலிக் கடலால் வன்னிக்குப் போய், அக்கராயன் பக்கம் ஒரு தரப்பாள் கொட்டிலில் ஒதுங்கினோம். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. கையில் பிறப்புப் பத்திரமும் இல்லை, பழைய பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரமும் இல்லை.

முதலில் நிவாரண அட்டைக்குத்தான் அலைந்தோம். "பழைய இடத்து விதானையாரின் கடிதம் கொண்டு வாங்கோ" என்று, அதாவது எங்கள் ஊர்க் கிராம சேவகரின் கடிதம் கேட்டு, ஒரு பணிமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த விதானையாரே இடம்பெயர்ந்தவர். மல்லாவியில் கண்டதாக ஒருவர் சொல்ல, என் கணவர் சைக்கிளில் போய்த் தேடிப்பிடித்து, கொப்பித் தாளில் எழுதி ஒப்பம் வாங்கி வந்தார். அப்புறம்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் பருப்பும் கிடைத்தன.

பள்ளிக்கூடத்தில் அதிபர் அந்த அட்டையைப் பார்த்தார். சமாதான நீதவானிடம் பிள்ளைகளின் விவரத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) முடித்துத் தரச் சொன்னார். "அது ஆறுதலாக வரட்டும் அம்மா, பிள்ளைகளை நாளைக்கே அனுப்புங்கோ" என்று சொல்லி அப்போதே இடாப்பில், அதாவது பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டில், பெயரை எழுதினார்.

இடம்பெயர்ந்து நிற்கிற எவருக்கும் நான் சொல்வது இதைத்தான்: பிள்ளையின் பெயரை எப்படியாவது இடாப்பில் ஏற்றிவிடுங்கள். இலவசப் பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் பிந்தி வந்தாலும் அந்தக் கணக்கில்தான் வந்தன. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்க வந்த சுகாதாரப் பரிசோதகரும் இடாப்பைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். மகனின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இரத்தம் காணாது" என்று, இரத்தக் குறைவைச் சொல்லி, துண்டு எழுதித் தந்தவர் அவர்தான். எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பசியில் சோர்ந்து கிடக்கிறான் என்றே நினைத்திருந்தோம்.

அந்தக் காலம் வன்னி முழுக்க மலேரியா. மகன் நாலைந்து நாள் வராததைக் கண்டு வகுப்பு ரீச்சர் கொட்டிலுக்கே வந்துவிட்டார். கிளிநொச்சி ஆமியிடம் விழுந்தபிறகு அதன் ஆஸ்பத்திரி அக்கராயனில்தான் இயங்கியது. அங்கே அவனைக் கொண்டுபோக, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் பூசிப் பார்த்தார்கள். குளோரோகுயின் கொடுத்தார்கள். கசப்பில் அவன் துப்பத் துப்ப, சீனிகூட இல்லாமல் மடியில் வைத்துப் பருக்கினேன். வன்னிக்கு வரும் மருந்துக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றிருந்த காலம் அது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் மாத்திரைக்கு அனுமதி கேட்க வைத்ததை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. சம்பளம் ஒழுங்காக வராத நேரத்திலும் ஊரைவிட்டுப் போகாத அந்த ரீச்சர்மார், தாதிமார், டொக்டர்மார் இருந்ததால்தான் எங்கள் பிள்ளைகள் தப்பினார்கள்.

2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை திறந்தபிறகுதான் யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பிறப்புப் பத்திரப் பிரதி எடுத்தோம். மகள் பதினோராம் வகுப்பான ஓ.எல். வகுப்புவரை வந்தது அந்தச் சத்தியக் கடதாசியோடுதான்.