வீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு, வெள்ளத்துக்கு இல்லை

நேற்று ராத்திரி வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் (மாவட்டம் மாதிரி) வீடு வாங்கிய பலரைப் போல நானும் கோட்டை விட்டிருக்கிறேன். நெருப்பு, திருட்டு, ஆலங்கட்டி மழை எல்லாம் இருக்கிறது. வெள்ளம் மட்டும் இல்லை. அதற்குத் தனி பாலிசி எடுக்க வேண்டுமாம்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது இந்தக் கவுன்டியில் மட்டும் ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு மேல் தண்ணீர் புகுந்தது. பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெள்ளக் காப்பீடு கிடையாது. 'நூறு வருஷ வெள்ளம்' என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. நூறு வருஷத்துக்கு ஒருமுறை என்று அர்த்தமில்லை; ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருஷ வீட்டுக் கடன் அடைவதற்குள் அது கிட்டத்தட்ட 26 சதவீதம். நாலில் ஒரு பங்கு!

அமெரிக்க மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000. ஆனால் பொதுவாக பாலிசி எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்த பிறகு போன் போட்டுப் பயனில்லை.

இப்போது ஏஜென்ட்டின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.