மூன்று வருட பி.ஏ. தமிழும் ஒரு குருகும்

சித்தி மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். "அண்ணா, எனக்குக் கதை எழுதணும், அதுக்கு பி.ஏ. தமிழ் சேரட்டுமா?" என்று போனில் கேட்டாள். அதே படிப்பைப் படித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டும் இருக்கிறவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறாள். எனக்கோ சட்டென்று பதில் வரவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் எங்களை யாரும் சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னதில்லை. எழுதியதெல்லாம் தேர்வுத்தாளில்தான். பக்கம் கூடினால் மார்க் கூடும் என்ற ரகசியம் சீனியர்கள் வழியாக வந்து சேர்ந்திருந்தது, அதை நம்பி அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி, முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோளுக்குக் கீழே கோடு, முடிவுரையில் மறுபடியும் அதே முன்னுரை என்று இழுத்துக்கொண்டே போவோம். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தாளில்தான் நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் பத்துக் குற்றங்களையும் ஒப்பித்திருப்போம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல்... 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் போட்ட பட்டியல். அதில் 'சென்றுதேய்ந்து இறுதல்' என்று ஒன்று வரும். ஓகோவென்று ஆரம்பித்து, போகப்போகத் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் முடிவது. நான் பாதியில் போட்டுவிட்ட நாவலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் எங்களுக்கு அது ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான். நம் எழுத்தைப் பார்க்கவும் அது உதவும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அதன் விளைவு என் முதல் கதையில் தெரிந்தது. கதாநாயகன் தேநீர் அருந்தியவாறே சிந்தனையில் ஆழ்ந்தான். படித்த நண்பன், "இவன் டீக்கடைக்கே போனதில்லையாடா?" என்றான். பரீட்சைத் தமிழ் கையை விட்டுப் போக நாலைந்து வருடம் ஆனது.

சரி, அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? அங்கேதான் அந்தக் குருகு, கொக்கு மாதிரி ஒரு நீர்ப்பறவை, குறுக்கே வருகிறது.

மூன்றாம் வருடம், சங்க இலக்கிய வகுப்பு. குறுந்தொகை 25, கபிலர் பாட்டு, மொத்தம் ஐந்தே அடி. அய்யா ஒரு மணி நேரம் முழுக்க அதிலேயே நின்றார். அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, கள்வனான அவன் மட்டும்தான், அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் பாட்டின் தலைவி. அப்புறம் ஞாபகம் வந்தவள்போல, ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகும் இருந்தது என்கிறாள். அதன் கால் தினைத்தாள் மாதிரி சிறுத்துப் பசுமையாக இருந்ததாம். "சாட்சிக்குப் போயும் போயும் குருகு எதுக்குய்யா? அதோட கால் எப்படி இருந்தா நமக்கென்ன?" என்று அய்யா கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவரே சொன்னார்: "அவ தலையைக் குனிஞ்சிருந்திருக்கா. கண்ணுக்குத் தெரிஞ்சது காலுதான்." இருந்த ஒரே சாட்சிக்கும் கண் மீன்மேல். அவள் அழுதாள் என்றோ பயந்தாள் என்றோ பாட்டில் ஒரு சொல் கிடையாது.

அன்றைக்கு எனக்குக் கதை எழுத வந்துவிடவில்லை. ஆனால் இன்றைக்கும் 'அவள் மனம் உடைந்தாள்' என்று எழுதப் போனால் அந்தக் கால் நினைவுக்கு வந்து கை நின்றுவிடுகிறது. குறுந்தொகையை நானே வாங்கிப் படித்திருக்கலாம்தான், மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. ஆனால் ஐந்து அடிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேனா? அரை நிமிடத்தில் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பேன். யாப்பிலக்கணமும் அப்படித்தான். தேமா புளிமா என்று அலகிட்டுப் பார்த்ததை அப்போது திட்டிக்கொண்டேதான் செய்தோம், இப்போது ஒரு வாக்கியம் நொண்டினால் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது பெரிய எழுத்தாளர்களைக் காட்டி, "ஜெயகாந்தன் அஞ்சாங்கிளாஸ், கி.ரா. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினார்" என்று ஆரம்பிப்பார்கள். உண்மைதான். ஆனால் ஜெயகாந்தன் வளர்ந்தது கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில், அச்சகத்துக்கும் புத்தகங்களுக்கும் நடுவில். கி.ரா. என்ற கி. ராஜநாராயணனுக்குச் சொந்த ஊரான இடைசெவலிலேயே எழுத்தாளர் கு. அழகிரிசாமி இருந்தார், குற்றாலத்தில் கம்பனைச் சொல்லிக் கேட்க ரசிகமணி டி.கே.சி. இருந்தார். ஒரு பாட்டில் மணிக்கணக்கில் நின்று ரசிப்பவர் டி.கே.சி. பட்டம் இல்லையே தவிர, எங்கள் அய்யாவைப் போன்ற ஆட்கள் அவர்களுக்கும் வாய்த்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாவலாசிரியர் பெருமாள்முருகனைப் பாருங்கள், எம்.ஏ., பிஎச்.டி. எல்லாம் முடித்துத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், அவர் எழுத்தில் கொங்கு வட்டார வழக்கு கொஞ்சமாவது கெட்டதா?

கடைசியில் தங்கையிடம், "காலேஜைப் பார்க்காதே, யார் பாடம் எடுக்கிறார்கள் என்று விசாரி" என்று சொன்னேன். அதை எப்படி விசாரிப்பது என்று கேட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று மறுபடி அழைத்தாள். பி.காம். சேர்ந்துவிட்டாளாம், வீட்டில் அதற்குத்தான் சம்மதித்தார்களாம். பார்ட் ஒன் தமிழ் இருக்கிறதே, செய்யுள் திரட்டு கையில் வந்ததும் அதில் குருகு இருக்கிறதா பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.