உபதேசியாரின் பங்கு

வேற்று நாட்டுக்கு மறைப்பணிக்குப் போகிறவரை வழியனுப்பும்போது, அங்கே எல்லாவற்றையும் அவர்தான் தொடங்கப்போகிறார் என்பதுபோல் பேசுவது நம் வழக்கம். தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே சுகுமா மக்கள் வாழும் ஒரு சிற்றூருக்குப் பங்குத்தந்தையாக வந்தேன். இங்கே எல்லாம் முன்பே நடந்துகொண்டிருந்தது.

நடத்திக்கொண்டிருந்தவர் உபதேசியார், அதாவது மறைக்கல்வி சொல்லித்தரும், குருவல்லாத உள்ளூர்க்காரர். பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி. அதைச் சுற்றிலும் கிளைக்கிராமங்கள். குருவானவர் ஒவ்வொன்றுக்கும் மாதத்தில் ஒருமுறை போய்ச் சேர்ந்தாலே பெரிது. மழை பெய்துவிட்டால் கரிசல் தடத்தில் வண்டி இறங்காது. அப்போது ஞாயிறு வழிபாடு, ஞானஸ்நான வகுப்பு, நோயாளி சந்திப்பு, அடக்கச் செபம் அனைத்தும் அவர் பொறுப்பு. பங்கு கொடுக்கும் சிறு தொகையில் குடும்பம் நடத்த முடியாது. அவருக்கும் பருத்தி, சோளம், மாடுகள் என்று பாடு இருக்கிறது. இந்நாட்டின் பொதுமொழியான சுவாஹிலியை மூசோமா நகரில் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எந்த மூதாட்டியிடம் சுகுமா மொழியில் மட்டுமே பேச வேண்டும், எந்த இரு வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதை எந்த மொழிப்பள்ளி சொல்லித்தரும்? உபதேசியார் முன்னே நடந்தார். நான் பின்னே நடந்தேன். இன்றும் அப்படித்தான்.

அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களான நம் அன்பியங்களை இங்கே ஜுமுவியா என்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970களிலேயே இவற்றைத் திருச்சபையின் அடித்தளமாக ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு ஒரு குடும்பம் வந்தால், ஜுமுவியா தலைவரின் சொல் கிடைத்த பிறகே பதிவேட்டைத் திறக்கிறோம். இது குருவானவரின் அதிகாரத்தைக் குறைக்கிறது என்று வருந்துகிறவர்களும் உண்டு. குறையட்டும், அந்தக் குடும்பத்தோடு நாள்தோறும் வாழ்கிறவர்கள் அவர்கள்தானே.

சாவு வீட்டில்தான் இந்த ஊரை அறிந்துகொண்டேன். அடக்கம் முடிந்தும் யாரும் கலைவதில்லை. பெண்கள் மாவும் தண்ணீரும் விறகும் சுமந்து வருகிறார்கள். ஆண்கள் முற்றத்தில் நெருப்பு மூட்டி இரவெல்லாம் அங்கேயே கிடக்கிறார்கள். செபம் முடிந்ததும் அடுத்த ஊருக்கு ஓடுகிற குருவை மக்கள் குறை சொல்வதில்லை, ஆனால் மறப்பதுமில்லை. நான் இங்கே செய்த பணிகளில் முதன்மையானது, அந்த முற்றங்களில் எதுவும் பேசாமல் அமர்ந்திருந்ததே என்று நம்புகிறேன்.

மகிழ்ச்சிக்கும் குறைவில்லை. காணிக்கையாக வந்த கோழி, முட்டை, சோளத்தைத் திருப்பலிக்குப் பின் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்த கோழியையே திரும்பக் கொடுத்து, மறுபடி ஏலம் விடச் சொல்கிறவர்கள் உண்டு. கோயில் வாசலே ஆரவாரமாகிவிடும்.

முவான்சாவுக்கு அருகே புஜோராவுக்கு ஒருமுறை போயிருந்தேன். கியூபெக்கிலிருந்து வந்த டேவிட் கிளமென்ட் என்ற குரு, 1950களில் அங்கே சுகுமா மக்களின் முரசுகளையும் கலைப்பொருள்களையும் காக்கும் பணியைத் தொடங்கினார். கோயிலும் சுகுமா வீட்டைப்போல் வட்டமானது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவையொட்டி நடனக் குழுக்கள் போட்டியிட்டு ஆடுகின்றன. மக்களிடம் இருந்ததை மதித்த அவரைப் போன்றவர்களிடம்தான் நான் பாடம் கேட்க விரும்புகிறேன்.

ஊரிலிருந்து உதவ நினைக்கிறவர்கள், கோயில் கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதுகிறார்கள். உபதேசியார்களின் பயிற்சிக்கும், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும், ஆளுக்கொரு மிதிவண்டிக்கும் கொடுங்கள் என்றே எல்லாருக்கும் பதில் அனுப்புகிறேன்.