அது எதுக்குடா இனிமே

அன்றைக்கு டீக்கடையில் நான் சொன்னதில் கணக்கில் வருவது இரண்டே வாக்கியம். "85 வாங்கிடு." 85 மில்லிமீட்டர் லென்ஸைச் சொன்னேன். அப்புறம், "அது எதுக்குடா இனிமே." முதல் வாக்கியத்துக்கு என்னிடம் நியாயம் இருக்கிறது, யார் கேட்டாலும் அரைமணி நேரம் பேசுவேன். இரண்டாவதைத்தான் நாலு வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடி மாதம். கும்பகோணத்தில் ஆடியில் கல்யாணப் படம் எடுக்கிற எங்களுக்கு என்ன வேலை? நிலுவை ஆல்பங்களை முடிப்பது, லென்ஸ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, டீக்கடையில் உட்கார்ந்து வாங்க முடியாத சாமான்களைப் பற்றிப் பேசுவது. தம்பி (பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன்) இரண்டு வருஷம் என்னிடம் ஃபிளாஷ் பிடித்தவன், அப்புறம் ட்ரெடிஷனல் (சடங்குப் படங்கள், குடும்பத்தை நிற்க வைத்து எடுக்கிற படங்கள்) எடுத்தவன். ஆவணியில் அவனுக்குத் தனியாக ஒரு கல்யாணம் வந்திருந்தது. முதல் ஆர்டர். "முப்பதாயிரம் தேத்தி வச்சிருக்கேண்ணே" என்றான். அதற்குப் பிறகு அவன் கேட்டது "எதை வாங்கலாம்?" என்றா, "85 வாங்கலாமா?" என்றா? இது எனக்கு முக்கியம். முதலாவது என்றால் வழி காட்டியவன் நான். இரண்டாவது என்றால் அவன் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டு வந்து தலையாட்டச் சொன்னான், நான் ஆட்டினேன், அவ்வளவுதான். சில நாள் அப்படி ஞாபகம் வருகிறது, சில நாள் இப்படி. எந்த நாளில் எப்படி வருகிறது என்பது அன்றைக்கு எனக்கு மனசு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

85இன் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் படம் எடுக்கிறவனுக்கு அது அலாதியான லென்ஸ். அகல லென்ஸைப் போட்டுக்கொண்டு கிட்டே போனால் கல்யாணப் பெண்ணின் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் ஓடும். அது லென்ஸின் குற்றம் இல்லை, நாம் நிற்கிற தூரத்தின் குற்றம். 85 நம்மைப் பத்தடி தள்ளி நிற்க வைக்கிறது, முகம் முகமாக இருக்கிறது. தள்ளி நிற்பதால் பெண்ணுக்கும் கூச்சம் குறைகிறது. நான் வைத்திருப்பது, அவனுக்குச் சொன்னது, இரண்டும் கேனனின் பழைய 85 எஃப் 1.8. 1992இல் வந்தது, இன்னமும் ஓடுகிறது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகமாகத் திறந்து வெளிச்சம் கூடும். முழுசாகத் திறந்து எடுத்தால் நகையின் மினுக்கு ஓரங்களில் ஊதாக் கோடு விழும், 2.8க்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதையெல்லாம் அவனுக்கு அன்றைக்கே சொன்னேன். நல்லாவே சொன்னேன். ஊதாக் கோட்டைப் பற்றிச் சொல்ல ஞாபகம் இருந்தவனுக்கு, அவன் கேமரா கிராப் பாடி என்பது ஞாபகம் இல்லாமல் போகுமா?

இருந்தது. அதுதான் சங்கடம்.

நான் வைத்திருப்பது ஃபுல் ஃபிரேம், பெரிய சென்சார். அவனுடையது சின்ன சென்சார், கேனனில் 1.6 மடங்கு. அதில் 85ஐ மாட்டினால் 136 மாதிரி நடந்துகொள்ளும், எண் ஏற ஏறப் படத்தில் அடங்குகிற இடம் குறையும். நிற்கிற ஜோடியைத் தலை முதல் கால் வரை எடுக்க நான் பதினைந்து பதினாறு அடி பின்னால் போனால் போதும், அவன் இருபத்தைந்து அடி போக வேண்டும். அவனுக்கு 50 எஃப் 1.8தான் 85இன் வேலையைச் செய்யும், 80 மாதிரி நிற்கும். விலையும் எவ்வளவோ குறைவு. இது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. டீ ஆறுவதற்குள் சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? அவன் ஃபோன் முகப்பில் என்னுடைய படம் ஒன்று இருந்தது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்து மணலில் ஒரு பெண் நிற்கிறாள், பின்னால் நாணல் பூத்து வெள்ளையாகக் கரைந்து கிடக்கிறது. 85இல் எடுத்தது. ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு "இந்த மாதிரி வரணும்ணே" என்றான். அந்த நேரத்தில் "உனக்கு 50 போதும்டா" என்று சொல்வது அவனைச் சின்னதாக்குகிற மாதிரி தோன்றியது. என் படத்தையும் சின்னதாக்குகிற மாதிரி தோன்றியதோ என்னவோ.

சரி, இரண்டாவது வாக்கியம். கேமராவில் மாட்டியிருந்த 18-55 கிட் லென்ஸைக் (கேமராவோடு சேர்ந்தே வருவது, 18இலிருந்து 55 வரை மாற்றிக்கொள்ளலாம்) காட்டி, "இத என்னண்ணே பண்றது? ஒருத்தன் கேக்கறான்" என்றான். பணம் இரண்டாயிரமோ மூவாயிரமோ குறைந்தது என்று நினைக்கிறேன். அந்த லென்ஸின் மூடி தொலையாமல் இருக்க மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான், அது டீ கிளாஸில் பட்டுக்கொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அது எதுக்குடா இனிமே."

விற்றுவிடு என்று சொல்லவில்லை. இதை நான் எனக்கே பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "அது எதுக்குடா" என்பது ஒரு பேச்சு. வீட்டில் பழைய குடையைப் பார்த்துச் சொல்வோமே, அந்த மாதிரி. ஆனால் குடையைச் சொன்னால் மறுநாள் குடை வீட்டில் இருக்காது, அதுவும் தெரிந்ததுதான்.

ஆவணிக் கல்யாணம் சுவாமிமலைக் கோயிலில். முகூர்த்த நாளில் அங்கே என்ன கூட்டம் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஜோடிக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி, யார் வீட்டு மேளம் யாருக்கு அடிக்கிறது என்று புரியாது. நான் அன்றைக்கு வேறு ஊரில் வேறு முகூர்த்தம். அவன் சொன்னதையும் பின்னால் படங்களைப் பார்த்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். படிகளில் அவன் எடுத்ததெல்லாம் பிரமாதம். அறுபது படி இருக்கிறதே, தூரத்துக்குக் குறைச்சலா? மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவது, பெண்ணின் பாட்டி பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது. எல்லாம் நறுக்கென்று இருந்தது.

மேலே தாலி கட்டுகிற இடத்தில் அவனுக்குக் கிடைத்தது எட்டடி. முதுகுக்குப் பின்னால் தூண். பக்கத்தில் வீடியோக்காரர் லைட்டோடு. எட்டடியில் அவன் 85இல் அடங்குவது இரண்டடி அகலம். பெண், மாப்பிள்ளை, பின்னால் நிற்கிற அப்பா அம்மா, விளக்கைப் பிடித்த நாத்தனார் என்று எல்லாரும் வர ஒன்பது பத்தடி அகலமாவது வேண்டும். அதற்கு 85இல் முப்பத்தேழு அடி பின்னால் போக வேண்டும், போனால் அடுத்த கல்யாணத்தில் நிற்பான். 18இல் எட்டடியே போதும். அந்த 18, ஆடி மாதக் கடைசியில் யாருக்கோ போய்விட்டது.

அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அவனுக்கு 50ஐச் சொல்லியிருந்தாலும் அந்தத் தூணுக்கு முன்னால் தப்பித்திருக்க மாட்டான், அதற்கும் இருபத்திரண்டு அடி வேண்டும். ஆக முதல் வாக்கியம் தப்பே இல்லை என்றுகூட வாதாடலாம். அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த ஓட்டைக் கிட் லென்ஸ் ஒன்றுதான்.

கோயில் இருட்டில் கிட் லென்ஸ் என்ன பண்ணும் என்று எனக்காக நானே ஒரு பதில் வைத்திருந்தேன். 55இல் அது 5.6க்கு மேல் திறக்காது, 1.8இல் வருகிற வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஃபிளாஷை மேலே திருப்பினாலும் மண்டபத்து வெள்ளைக் கூரை மாதிரி கருங்கல் திருப்பித் தராது, குடித்துவிடும். அதனால்தான் சொன்னேன். நல்ல பதில். ஒரே குறை, 18இல் அதே லென்ஸ் 3.5க்குத் திறக்கும். வீடியோ லைட் வேறு இருந்தது. கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்திருக்கும், ஆனால் எல்லாரும் வந்திருப்பார்கள்.

நான் தொழில் கற்றது பிலிம் காலத்தில். ரோலுக்கு 36 படம். என் முதலாளி சொல்வார்: தாலிக்கு ஒரு படம்தான், அதில் பெண்ணைப் பெற்றவர்கள் இல்லையென்றால் அது கல்யாணப் படம் இல்லை. அந்தப் பாடத்தையும் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டேனா?

பெண்ணின் அப்பா எனக்கு ஃபோன் பண்ணினார், அவனுக்கு இல்லை. "தாலி கட்டறப்ப நாங்க யாருமே இல்லையாங்க? நானும் அவங்கம்மாவும் பின்னாலதான நின்னோம்? உங்க பையன்தானே அது?" கோபமாகக்கூடப் பேசவில்லை. நான் சொன்னேன்: "இல்லைங்க, அவன் இப்ப தனியா எடுக்கறான்." உண்மைதான். ஃபோனை வைத்த பிறகு அந்த உண்மை அவ்வளவு நன்றாக இல்லை. பாக்கிப் பணத்தில் பாதியைத்தான் கொடுத்தார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

அந்தத் தாலிப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கேட்காமலே காட்டினான். மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, முதல் முடிச்சு பாதி இறுகியிருக்கிறது. கட்டை விரல் நகத்தில் மருதாணியோ குங்குமமோ ஒரு தீற்று. பெண்ணின் கழுத்தில் ஒரு அட்சதை அரிசி ஒட்டியிருக்கிறது. இரண்டு அங்குல ஆழத்துக்குத்தான் கூர்மை, ஜிமிக்கி அதற்குள்ளேயே கரைந்துவிட்டது. கை நடுங்கியது அந்தப் படத்தில் எப்படியோ தெரிகிறது. இருபது வருஷத்துக்கு மேல் தாலி எடுக்கிறேன், இப்படி ஒன்று என்னிடம் இல்லை. நான் அதை அவனிடம் சொல்லவில்லை. "அப்பாம்மா எங்கடா?" என்று கேட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வருஷம் தை மாதத்தில் திருபுவனத்திலிருந்து ஒரு பார்ட்டி வந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து அட்வான்ஸ் கொடுக்கிற நேரத்தில், "நீங்க வரலைன்னாலும் பரவாயில்லை, அந்தத் தம்பியை மட்டும் அனுப்புங்க, கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கலாம்ல" என்றார்கள். சிரித்துக்கொண்டே அவனை அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து அவனுக்கு 85ஐச் சொல்லும்போது இது என் மனசில் இருந்ததா? இல்லை என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் இதை ஏன் ஞாபகம் வைத்திருக்கிறேன்? தையில் நடந்த மற்ற எந்தப் பேச்சும் ஞாபகம் இல்லையே. ஒருவன் கெட வேண்டும் என்று நினைத்தால் அவனுக்கு நல்ல லென்ஸைச் சொல்வானா என்று என் வீட்டில் கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குப் பிடித்த லென்ஸைச் சொன்னேன், அதுதான் நடந்தது. அவனுக்கு எது வேண்டும் என்று யோசிக்க இரண்டு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, அதில் வஞ்சம் எதுவும் இல்லை, சோம்பல்தான். சோம்பலா?

இப்போது யாராவது கேட்டால் நான் பதிலே சொல்வதில்லை. பாடி என்ன, மண்டபமா கோயிலா, எத்தனை அடி கிடைக்கும் என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே போவேன். கேட்டவர்கள் சலித்துப்போய் யூடியூப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். அது ஒன்றும் மேலான வழியாகத் தெரியவில்லை.

தம்பி நன்றாக இருக்கிறான். ஃபுல் ஃபிரேம் வாங்கி, 24-70 எஃப் 2.8 வாங்கி, இப்போது அவனுக்குக் கீழே இரண்டு பையன்கள். இந்த வைகாசியில் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்கு ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டான். "நீங்க 85 மட்டும் எடுத்துட்டு வாங்கண்ணே. வைடு நான் பாத்துக்கறேன்." குத்தலா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். போனேன். 24-70ஐயும் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன், வெளியே எடுக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் டிபன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். "அந்த கிட் லென்ஸை நான் சொல்லித்தான வித்த?"

கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, "எதுண்ணே? அதா? அது ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே வித்தாச்சே. உங்ககிட்ட வந்தப்ப கையில வெறும் பாடிதான்" என்றான்.

நான் மூடியைப் பற்றிச் சொன்னேன். மஞ்சள் நூல், டீ கிளாஸ். அவன் சிரித்தபடி பையைத் திறந்து அவனுடைய 85ஐ எடுத்துக் காட்டினான். அதே மூடி, நூல் அழுக்காகிக் கறுத்திருந்தது. "மூடி இல்லாமத்தான் அந்த லென்ஸைக் கொடுத்தேன். இதுக்குச் சரியாப் போச்சு" என்றான். 58 மில்லிமீட்டர் மூடி. 18-55க்கும் அதே அளவு, 85க்கும் அதே அளவு. ஆவணிக்கு அப்புறம் எத்தனையோ தடவை அவன் கழுத்தில் அந்த நூல் தொங்கியதை நான் பார்த்திருப்பேன். அதைக் கொண்டுபோய் என் டீக்கடை மேஜையில் நானே வைத்துக்கொண்டேனா? அல்லது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் ஒரு பொய் சொன்னானா? இரண்டு வருஷம் எனக்கு ஃபிளாஷ் பிடித்தவன், என் முகம் எப்போது எப்படி மாறும் என்று அவனுக்குத் தெரியும்.

இன்னொரு தடவை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். மேடையில் ரிசப்ஷனுக்கு லைட் போட்டுவிட்டார்கள். அவன் இலையை மடித்துவிட்டு எழுந்து, "அண்ணே, நீங்க இடது ஓரம்" என்றான்.