'வென்ட்': இரவலாக வந்த இறந்தகாலம்

ஆங்கிலத்தில் 'கோ' என்னும் வினையின் இறந்தகாலம் 'வென்ட்' என்று மனப்பாடம் செய்தவர்களில் பலரும், இரண்டுக்கும் ஓர் ஒலிகூட ஒத்துப்போகவில்லையே என்று ஒரு முறையாவது எண்ணியிருப்பார்கள். அந்த ஐயம் மிக நியாயமானது. ஏனெனில் 'வென்ட்' பிறப்பால் 'கோ'வுக்கு உரியதே அன்று.

திரும்புதல், வழிகொண்டு செல்லுதல் என்னும் பொருள்களில் 'வெண்ட்' என்றொரு தனி வினை இருந்தது. அனுப்புதலைக் குறிக்கும் 'செண்ட்' இறந்தகாலத்தில் இறுதி ஒலி வன்மையாகி 'சென்ட்' ஆவதைப் போலவே, அது 'வென்ட்' ஆனது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், புனிதப் பயணிகள் கேன்டர்பரிக்குச் செல்வதைச் சொல்ல இந்த வினையையே ஆண்டார். 'கோ'வுக்கோ பழைய ஆங்கிலத்தில் 'ஏயொடெ' என்ற வேறொரு இறந்தகால வடிவம் இருந்தது. அது மெல்ல வழக்கொழிய, ஏறத்தாழ 1500-க்குள் அந்த இடத்தில் 'வென்ட்' நிலைபெற்றுவிட்டது. ஸ்காட்லாந்து வழக்கில் மட்டும் 'கோ'விலிருந்தே உருவான 'கேட்' என்ற வடிவம் தொடர்ந்தது. இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், மாணவர்களுக்கு இது காரணமற்ற விதிவிலக்காகத் தோன்றாது என்று உறுதியாக நம்புகிறேன்.

பயன்பாட்டில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது 'டிட் நாட் வென்ட்' என்னும் இடத்தில்தான். 'டிட்' என்பதே இறந்தகாலத்தைச் சுமந்துவிடுவதால், அதன் பின்னே 'கோ' மட்டுமே வர வேண்டும். 'ஹேவ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின் வருவது 'கான்'.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு, நிலைமாற்றத்தைக் குறிப்பது. 'தி மில்க் வென்ட் பேட்' என்றால் பால் எங்கும் செல்லவில்லை, கெட்டுப்போனது. தமிழிலும் 'போ' அங்கே துணைவினையாக நிற்பதால், நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. பார்வை போவதும், தலை வழுக்கையாவதும், நிறுவனம் திவாலாவதும் ஆங்கிலத்தில் 'வென்ட்' கொண்டே சொல்லப்படுகின்றன. கனவு நனவானதற்கோ 'கேம் ட்ரூ' என்பார்கள். நிலைமாற்றத்தைச் சொல்லும்போது 'வென்ட்' பெரும்பாலும் கேட்டின் பக்கமே சாய்கிறது. ஆயினும் 'தி இன்டர்வியூ வென்ட் வெல்' என்பதில் அந்தச் சாயல் இல்லை. அங்கே அது நிலைமாற்றத்தைச் சொல்லாமல், நேர்காணல் நடந்த விதத்தையே சொல்கிறது.