காசிமேட்டில் ஆகாத மீன்

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு ஆராதனை, அதற்குள் காசிமேடு போய் மீன் வாங்கி வீட்டில் போட்டுவிட வேண்டும், இது எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து நடக்கிற கதை. போன மாதம் அப்படி ஒரு ஞாயிறு, அன்றைக்கென்று பார்த்து சபையில் மத்தேயு 13-இல் வரும் வலை உவமை. கடலில் போட்ட வலையில் எல்லா வகை மீனும் சேரும், நிறைந்ததும் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லதைக் கூடையில் சேர்ப்பார்கள், "ஆகாதவைகளை எறிந்துபோடுவார்கள்". மூன்றே வரிக் கதை. பிரசங்கத்தில் நரகம் மட்டும் முக்கால் மணி நேரம் எரிந்தது. என் கையில் கெளுத்தி வாடை இன்னும் போகவில்லை, மனசில் ஒரே கேள்வி: ஆகாத மீன் என்றால் எந்த மீன்?

கேலியாகக் கேட்கவில்லை. உவமைகளைப் பற்றி நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக ஆய்வாளர்கள் போடுகிற சண்டையே ஏறக்குறைய இதுதான். கதையில் வரும் பொருளை அந்தப் பொருளாகவே பார்ப்பதா, அல்லது ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு ஒன்று ஒளிந்திருக்கிறதா?

பழைய காலத்தில் இரண்டாவதுதான் வழக்கம். எரிகோ போகும் வழியில் கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனைச் சமாரியன் ஒருவன் தன் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்ப்பானே, அந்த நல்ல சமாரியன் கதைக்குச் சபைப் பிதா அகஸ்தீன் சொன்ன விளக்கத்தில் கள்ளர் என்றால் பிசாசும் அவன் கூட்டமும், சத்திரம் என்றால் சபை, சத்திரக்காரன் பவுல் அப்போஸ்தலன். எரிகோ ஊர் நிலவாம், நிலவு தேய்ந்து வளர்வதால் அது சாவுக்கு அடையாளமாம். சிரிக்காதீர்கள், நம்ம ஊர் கன்வென்ஷன் மேடைகளில் இன்றைக்கும் இந்தப் பாணிதான் ஓடுகிறது, கழுதையைக்கூட விட்டுவைப்பதில்லை.

அடோல்ஃப் யூலிக்கர் என்ற ஜெர்மன் பேராசிரியர்தான் 1886-லும் 1899-லும் வந்த இரண்டு பாகப் புத்தகத்தில் இதற்கு முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்தார். உவமைக்கு ஒரே ஒரு ஒப்புமைதான், மற்ற விவரமெல்லாம் கதைக்கு நிறம் கொடுக்க வந்தவை என்றார். நமக்கு இது புதுசே இல்லை. முகம் மதி போன்றது என்று சொன்னவளிடம் போய் நிலவில் இருக்கிற பள்ளம் எது என்று யாரும் கேட்பதில்லை, பள்ளிக்கூடத்தில் பொதுத்தன்மை என்று படித்தோமே, அதுதான். ஆனால் தொல்காப்பியர் இப்படி வெளிப்படையாக ஒப்பிடும் ஏனை உவமத்தோடு நிற்கவில்லை, உள்ளுறை உவமம் என்று ஒன்றையும் பக்கத்திலேயே வைத்தார், சொல்லாத பொருள் நிலத்துக்குள்ளும் பறவைக்குள்ளும் விலங்குக்குள்ளும் இருக்கும் வகை. எபிரேயத்திலும் நிலைமை இதுதான், மாஷால் என்ற ஒரே சொல்லுக்குள் பழமொழி, விடுகதை, உருவகக் கதை எல்லாம் அடங்கும். யூலிக்கர் கிரேக்க இலக்கணத்தை ஒரு யூதக் கதைசொல்லியின் தலையில் கட்டிவிட்டார் என்று பிறகு வந்தவர்கள் சொன்னது நியாயம்தான். என்றாலும் அவர் கதவைத் திறக்காவிட்டால் இன்னும் நிலவையும் கழுதையையும் தேடிக்கொண்டிருப்போம்.

சரி, வலைக்கு வருகிறேன். 1935-இல் சி. எச். டாட், 1947-இல் யோவாகிம் எரேமியாஸ், இந்த இரண்டு ஆய்வாளர்களும் கேட்டது வேறு கேள்வி. இயேசு சொன்னது எதுவரை, எழுதியவர் சேர்த்தது எங்கிருந்து? வலை உவமைக்கு அடுத்த இரண்டு வசனத்தில்தான் தேவதூதர், அக்கினிச் சூளை, அழுகை, பற்கடிப்பு எல்லாம் வருகிறது. இந்த "அழுகையும் பற்கடிப்பும்" மத்தேயுவில் ஆறு இடத்தில் வரும், லூக்காவில் ஒரே இடம், மாற்கிலும் யோவானிலும் கிடையவே கிடையாது. அதாவது மத்தேயுவுக்குப் பிடித்த தொடர். அதே அதிகாரத்தில் கொஞ்சம் முன்னால் களை உவமை இருக்கிறது, அங்கேயும் இதே சூளை. களையைக் கொளுத்துவார்கள், சரி. மீனை யார் சூளையில் போடுவார்கள்? களைக்கு மூட்டிய நெருப்பு மீன் வரைக்கும் பரவிவிட்டது என்று படித்தபோது, முக்கால் மணி நேரப் பிரசங்கம் ஞாபகம் வந்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

வலை எந்த வலை என்பதிலும் விஷயம் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் பேதுரு வீசியதும் வலை, இந்த உவமையில் வருவதும் வலை. கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொல். பேதுரு கையில் இருந்தது வீச்சு வலை. உவமையில் வருவது சகேனே, புதிய ஏற்பாடு முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் அந்தச் சொல். அது நம்ம கரைவலை. ஒரு முனைக் கயிறு கரையில், படகு வலையை விட்டுக்கொண்டே அரைவட்டம் போட்டு மறுமுனையைக் கரைக்குக் கொண்டுவரும், இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். அடியில் கனம், மேலே மிதப்பு, நடுவில் அகப்பட்ட எதுவும் தப்பாது. இதையெல்லாம் கலிலேயா ஏரியை வைத்து விளக்கமாக எழுதி வைத்தவர் மெண்டல் நூன், அந்த ஏரிக்கரையில் எய்ன் கேவ் கிப்புட்ஸில் (கிப்புட்ஸ் என்றால் இஸ்ரேலில் கூட்டாக வாழ்கிற குடியிருப்பு) மீன் பிடித்தே வாழ்ந்தவர், பழைய வலைகளின் கல் குண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். எனக்கு அவர் மேல் தனி மரியாதை. (எங்கள் பக்கம் இப்போது கரைவலை இழுக்க மணலே இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் வழியில் கடலோரம் பெரும்பாலும் பாறாங்கல்தான். இராயப்பர் பெயரால் வந்த ஊர் ராயபுரம் என்பார்கள், இராயப்பர் என்றால் பேதுருதான், அவர் இன்றைக்கு வந்தால் படகை எங்கே ஏற்றுவாரோ.)

கேள்வியை நேராக அக்காவிடமே கொண்டு போனேன். நான் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து எங்களுக்கு மீன் கொடுக்கிறவர், கிறிஸ்தவர் இல்லை, நடுவில் எங்கும் ஆமென் சொல்ல மாட்டார் என்பதே பெரிய நிம்மதி. லாஞ்ச் ஒன்று வந்து ஒரு குவியல் தரையில் கொட்டியிருந்தது. குந்தி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். கை போகிற வேகத்துக்குக் கண் போகாது. சங்கரா ஒரு கூடை, கடம்பா ஒரு கூடை, இறால் தனியாகத் தட்டில், நண்டுக்குக் காலைப் பார்த்து ஓரம். பேத்தை மீன் ஒன்று பந்து மாதிரி உப்பிக் கிடந்தது, அதைப் பார்க்காமலே பின்னால் வீசினார். விரல் நீளப் பொடி எல்லாம் ஒரு பக்கம் குவிந்தது.

"அக்கா, இதுல ஆகாத மீன் எது?"

"இன்னாபா கேக்குற? பேத்த ஆவாது, விஷம். பாம்பு ஆவாது. மத்ததெல்லாம் ஆவும்."

"அந்தப் பொடி?"

"கழிசல். அது கோழித் தீனிக்குப் போவும், அதுக்கும் ஆள் வருவான்."

அப்புறம் வேதாகமத்தில் சேராத தோமா நற்செய்தியில் வருகிற மீனவன் கதையைச் சொன்னேன். 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாடி பக்கத்தில் கிடைத்த காப்டிக் மொழிச் சுவடிகளில் ஒன்று அது, 114 வாக்குகள், எட்டாவது வாக்கில் ஒரு புத்திசாலி மீனவன் வருகிறான். வலை நிறையச் சின்ன மீன், நடுவில் பெரிய நல்ல மீன் ஒன்று. சின்னதை எல்லாம் கடலிலேயே போட்டுவிட்டு யோசிக்காமல் பெரியதை எடுத்துக்கொள்கிறான். இது மூத்த வடிவமா, மத்தேயுவினுடையது மூத்ததா, இரண்டும் வேறு வேறு கதையா என்று இன்னும் முடியாத வாதம். அக்கா ஒரே வரியில் முடித்தார்: "டீசல் காசு யார் குடுப்பா அவனுக்கு?"

வீட்டுக்கு வந்து லேவியராகமம் 11-ஐ எடுத்தேன். சிறகும் செதிளும் இல்லாத எதுவும் யூதனுக்கு ஆகாது. கலிலேயா ஏரியில் கெளுத்தி இனம் ஒன்று உண்டு, செதிள் கிடையாது. மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு அழுகியது என்றும் பொருள் வரும், ஆனால் இப்போதுதான் வலையிலிருந்து இறங்கிய மீன் எப்படி அழுகும், ஆகவே தின்னக்கூடாத மீன், விற்க முடியாத மீன் என்று பலர் எடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்தக் கரையில் எறிந்த குவியலில் முதலில் கிடப்பது நான் அன்று வாங்கி வந்த கெளுத்தியின் உறவுக்காரன். எங்கள் கடலில் என்றால் சுறாவும் திருக்கையும்கூட அந்தக் குவியல்தான். என் தங்கைக்குப் பிரசவமானபோது பால் சுறாவுக்காக அம்மா என்னை மூன்று நாள் அலையவிட்டது நினைவுக்கு வந்தது. அங்கே கூடையில் விழுந்த நல்ல மீனையும் பாருங்கள்: அந்த ஏரியில் பேர்போன மீனுக்குப் பேதுருவின் மீன் என்றே பெயர், அது ஜிலேபி மீனுக்குப் பங்காளி. ஜிலேபி மீனைக் காசிமேட்டில் போய் நல்ல மீன் என்று சொல்லிப் பாருங்கள், ஏரி மீன் தின்கிறவன் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அடுத்த வாரம் இதையும் அக்காவிடம் சொன்னேன். சுறாவை எறிவார்கள் என்றதும் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"எறிஞ்சத அப்பறம் யாரு எடுத்துக்கினு போனது? அது எழுதியிருக்கா?"

எழுதியில்லை அக்கா என்றேன். அரைக் கிலோ கெளுத்தி போடச் சொன்னேன், தலையோடு.